பிராஸ்டேட் ஆபரேஷன் முடிந்து கணவர் வீட்டுக்கு வருகிறார். நான் எதைக் கவனிக்க வேண்டும்?

பிராஸ்டேட் வீக்கத்துக்குச் சிறுநீர்ப்பாதை வழியாகச் செய்யும் டி.யு.ஆர்.பி. ஆபரேஷன் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். வெளியே தையலே இருக்காது. அதனாலேயே "எனக்கு ஒன்றுமில்லை" என்று கேஸ் சிலிண்டரைத் தூக்கப் போவார், விடாதீர்கள். உள்ளே புண் ஆறச் சில வாரம் பிடிக்கும்.

சிறுநீர் இளஞ்சிவப்பாக வருவது சகஜம். நன்றாகத் தெளிந்த பிறகும், ஆபரேஷன் முடிந்து 10, 14 நாளில் உள்புண்ணின் பொருக்கு உதிரும்போது மறுபடியும் ரத்தம் தெரியலாம். தண்ணீர் நிறையக் கொடுங்கள். இதய, சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேளுங்கள். கெட்டிச் சிவப்பாகக் கட்டிகட்டியாக வந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ நடுராத்திரி என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

சிறுநீர் வடியும் டியூப்போடு வந்தால், அதன் பை எப்போதும் இடுப்புக்குக் கீழேதான். மெத்தை மேல் வைக்காமல் கட்டில் சட்டத்தில் தொங்கவிடுங்கள், தரையில் படவேண்டாம். டியூப் மடங்கியிருக்கிறதா என்றும் அவ்வப்போது பாருங்கள்.

மலச்சிக்கலில் முக்கினால் ரத்தம் கசியும். அதனால் கீரை, வாழைத்தண்டு, பப்பாளி தினமும் இருக்கட்டும்.

அப்புறம், டியூப் எடுத்ததும் கொஞ்ச நாள் சிறுநீர் அவசரமாக வருவதும் சொட்டுவதும் இருக்கும். பெரும்பாலோர் இதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். நீங்களும் கேட்டுத் துளைக்காமல், அடர்நிற லுங்கியையும் பேடையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிடுங்கள்.