கறிவேப்பிலைக்கு வெயில் வேண்டாம்

கேள்வி: அக்கா, வளவில் விளைந்த கறிவேப்பிலையையும் புதினாவையும் மாடி வெயிலில் காயவைத்துப் பாட்டிலில் அடைத்தேன். கறிவேப்பிலை வெளுத்து வாசமில்லாமல் போனது. புதினாவில் பூசணம். ஏன்?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: மணத்தக்காளி வத்தலுக்குத்தான் வெயில், தங்கச்சி. இலையிலோ பச்சை நிறத்தையும் வாச எண்ணெயையும் அது சேர்த்தே கொண்டுபோய்விடும். நான் இலையைக் கழுவி, பழைய வேட்டியில் ஒற்றி, உருவி, வீட்டுக்குள் நார்க்கட்டிலில் மெல்லிய துணி விரித்துப் பரப்பிவிடுவேன். அடியிலும் காற்றுப் போகும். சுளவில் (முறத்தில்) குவித்தால் நடுவில் ஈரம் தங்கும். நாலைந்து நாளில் கசக்கினால் நொறுங்க வேண்டும். மடங்கினால் இன்னும் காயவில்லை.

புதினாவில் குற்றவாளி காம்பு. இலை காய்ந்தாலும் அதில் தண்ணீர் இருக்கும். கிள்ளிப் போடுங்கள். பாட்டிலில் அடைத்த மறுநாள் உள்ளே ஆவி படிந்திருந்தால் உடனே வெளியே கொட்டி மறுபடி காயவிடுங்கள். நான் ஒரு தடவை சோம்பல்பட்டு விட்டுவிட்டேன், மொத்தமும் குப்பைக்குப் போனது.

ஆடிச் சாரலில் நாள் கூடும். அடுப்பை அணைத்தபின் வெதுவெதுப்பான சட்டியில் ஒரு புரட்டு புரட்டலாம். ஐப்பசி மழையில் நான் தொடுவதே இல்லை. அப்புறம், முழு இலையாகவே வையுங்கள், ரசத்தில் போடும்போது நொறுக்கினால் போதும். கற்பூரவள்ளியா? அதைப் பச்சையாக பஜ்ஜி போடுங்கள்.