இசைவிழாவில் கூடாரம் போட்டுத் தங்கலாமா?

கேள்வி: மேற்படிப்புக்காகக் கனடாவின் வின்னிபெக் நகருக்கு வந்திருக்கிறேன். ஜூலையில் இங்கே நடக்கும் நாட்டுப்புற இசைவிழாவுக்குத் தோழியும் நானும் டிக்கெட் எடுத்துவிட்டோம். விழா நடக்கும் இடத்திலேயே கூடாரம் போட்டுத் தங்குவதா, அறையிலிருந்து தினமும் போய்வருவதா என்று முடிவெடுக்க முடியவில்லை. இருவருமே கூடாரத்தில் படுத்ததில்லை. மழை, கொசு, தூக்கம் மூன்றையும் நினைத்தால் பயமாக இருக்கிறது. கையில் சோறு கட்டிக்கொண்டு போகலாமா?

பதில்: தங்குங்கள். விழா நடக்கும் பேர்ட்ஸ் ஹில் மாகாணப் பூங்கா நகரிலிருந்து அரைமணி நேரக் கார் பயணம்தான், போய்வருவது எளிது. ஆனால் போய்வருகிறவர்களுக்கு விழாவின் பாதிதான் கிடைக்கும். பெரிய மேடையின் விளக்குகள் அணைந்தபின் முகாமில் இன்னொரு கச்சேரி தொடங்கும். பிடிலும் கிட்டாரும் பாஞ்சோவுமாக ரசிகர்களே வட்டமாக உட்கார்ந்து வாசிப்பார்கள். யார் வேண்டுமானாலும் அருகில் போய் அமரலாம், பாடலாம். 1974இல், வின்னிபெக் நகரின் நூற்றாண்டை ஒட்டி இலவச நிகழ்ச்சியாகத் தொடங்கியது இவ்விழா. அரை நூற்றாண்டாக மக்கள் திரும்பத் திரும்ப அங்கே வருவதற்கு இந்த இரவுகள் முக்கியமான காரணம் என்பேன்.

விழா டிக்கெட்டோடு முகாம் அனுமதி சேர்ந்து வராது. அதைத் தனியாக வாங்க வேண்டும். வாங்கும்போதே ஒரு முடிவும் எடுத்தாக வேண்டும். அங்கே இரண்டு முகாம்கள் உண்டு. ஒன்று விடிய விடியப் பாட்டும் கொட்டுமாக இருக்கும் விழா முகாம். மற்றது இரவில் ஓசை அடங்கும் அமைதி முகாம். முதன்முறை என்பதால் உங்களுக்கு அமைதி முகாமையே சொல்கிறேன். சத்தத்தைத் தேடி நடந்து போகலாம். தூங்க நினைக்கும்போது சத்தத்தை அணைக்க முடியாது. எதில் தங்கினாலும் நுரையால் ஆன காதடைப்பான் இரண்டு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள்.

இனித் தூக்கம். ஜூலை நடுவில் பகல் 26 டிகிரியைத் தொடும். இரவில் 13, 14 டிகிரிக்கு இறங்கும். நம் ஊர்க்காரர்கள் மேலே போர்த்துவதைப் பற்றியே கவலைப்படுவார்கள். உண்மையில் குளிர் கீழிருந்துதான் ஏறும். உறக்கப்பையின் அடிப்பாகம் உடல் எடையில் நசுங்கி விடுவதால் தரை சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். வெறும் காற்று மெத்தையும் உதவாது. உள்ளே சுழலும் காற்றே சூட்டைக் கடத்திவிடும். மூடிய நுரையால் ஆன மலிவான விரிப்பு ஒன்றை அடியில் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். படுக்கும்முன் பகலில் வியர்த்த உடைகளைக் கழற்றிவிட்டு, காய்ந்த உடையும் காலுறையும் அணிந்துகொள்ளுங்கள்.

அங்கே ஜூலையில் காலை ஐந்தரைக்கே சூரியன் உதித்துவிடும்; மறைவது இரவு ஒன்பதரைக்குமேல். காலை எட்டு மணிக்கெல்லாம் கூடாரத்துக்குள் படுத்திருக்க முடியாத வெக்கை. ஆகவே கிழக்கில் மரம் இருக்கும் இடமாகப் பிடியுங்கள். பட்டுப்போன கிளைக்கு நேர் கீழே மட்டும் வேண்டாம். விடிய விடியக் கூத்துப் பார்த்த ஊர் மறுநாள் பகலில் திண்ணையில் சாய்ந்து கண்ணயரும் அல்லவா, அதே கணக்கை இங்கேயும் வைத்துக்கொள்ளுங்கள்: பிற்பகலில் மரநிழலில் ஒரு மணி நேரம் உறங்கினால் இரவுக்கு உடம்பு தாங்கும்.

மழையைப் பொறுத்தவரை, கூடாரம் நனைவதைவிட அதைக் காற்று தூக்கிப்போவதுதான் பெரிய கவலை. பரந்த சமவெளி, புயல்மேகம் கண்ணுக்கு எட்டியபின் அதிக நேரம் தராது. பேர்ட்ஸ் ஹில் பனியுகத்துப் பனிப்பாறைகள் உருகி விட்டுச்சென்ற மணலும் சரளையும் குவிந்த மேடு. தண்ணீர் சீக்கிரம் வடியும், ஆனால் மெல்லிய கம்பி முளை எளிதில் பிடுங்கிக்கொள்ளும். அகன்ற, நீளமான முளைகள் வாங்குங்கள். முளையின் தலை கூடாரத்துக்கு வெளிப்புறமாகச் சாய்ந்திருக்கும்படி அடியுங்கள். மேல்விரிப்பின் இழுகயிறுகள் எல்லாவற்றையும் கட்டுங்கள். வானம் தெளிவாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். தரையில் விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்தின் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரைப் பிடித்து உங்கள் முதுகுக்கு அடியில் கொண்டுவந்து விடும். ஓரங்களை உள்ளே மடித்துவிடுங்கள். போகும்முன் அருகிலுள்ள பூங்கா எதிலாவது கூடாரத்தை ஒருமுறை முழுதாக நிறுத்திப் பாருங்கள். ஒரு கம்பி குறைவது அன்றே தெரிந்துவிடும்.

இடி கேட்டால் கூடாரத்தில் ஒதுங்காதீர்கள். மின்னலுக்கு அது எந்தப் பாதுகாப்பும் இல்லை, தனிமரமும் ஆபத்து. உலோகக் கூரை உள்ள கார், பஸ், அல்லது முறையான கட்டடம்தான் இடம். கடைசி இடியோசைக்குப் பிறகு முப்பது நிமிடம் அங்கேயே இருங்கள். கார் இல்லாமல் போவதானால், எந்தக் கட்டடத்துக்கு ஓடுவது என்பதை முதல்நாள் பகலிலேயே பார்த்து வையுங்கள்.

வின்னிபெக் இருக்கும் மானிடோபா மாகாணத்தின் கொசுவைக் குறைத்து எடைபோட வேண்டாம். கொசு விரட்டியில் இருபது சதவீத இகாரிடின் அல்லது முப்பது சதவீதம் வரை டீட் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கனடா சுகாதாரத் துறை பெரியவர்களுக்கு ஏற்பது இந்த அளவுதான். முதலில் வெயில் களிம்பு, அது காய்ந்தபின் விரட்டி. மாலையில் வெளிர்நிறத்தில் தொளதொளப்பான முழுக்கைச் சட்டையும் முழுக்கால் சட்டையும் போதும். புல்வெளி ஓரங்களில் உண்ணிகளும் உண்டு; அவற்றில் கருங்கால் உண்ணி லைம் நோயைப் பரப்பக்கூடியது. இரவு படுக்கும்முன் முழங்காலின் பின்புறம், இடுப்பு, கழுத்து, காதோரம் ஆகிய இடங்களைப் பார்த்துவிடுங்கள். ஒட்டியிருந்தால் நுண்ணிடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள்; எண்ணெயோ நெருப்போ வேண்டாம். மூன்று மூன்றாக இலை விட்ட செடிகளைத் தொடாதீர்கள். பாய்ஸன் ஐவியாக இருந்தால் நாள்கணக்கில் அரிக்கும்.

சோறு கட்டிக்கொண்டு போகலாம். முதல்நாளுக்குப் புளியோதரை நன்று. மறுநாளுக்கு அதை நம்பாதீர்கள், அந்த வெயிலில் எந்தச் சோறும் தாங்காது. தயிர்சாதம் பனிக்கட்டிப் பெட்டி இல்லாமல் வேண்டவே வேண்டாம். மற்ற நாள்களுக்குச் சப்பாத்தி, பருப்புப்பொடி, வேர்க்கடலை, பழம் போதும். ஒரு வேளையாவது விழாக் கடைகளில் சூடாகச் சாப்பிடுங்கள். அடுப்பு, நெருப்பு பற்றிய விதிகள் காட்டுத்தீ அபாயத்தைப் பொறுத்து மாறும் என்பதால் போகும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பெரிய மேடைக்கு முன்னால் தார்ப்பாய் விரித்து இடம்பிடிக்க அங்கே பெரும் போட்டி நடக்கும். அதில் உங்கள் காலையைச் செலவிடாதீர்கள். விழாவின் உயிர் பகலில் சிறு மேடைகளில் இருக்கிறது. முன்பின் சேர்ந்து வாசித்திராத மூன்று நான்கு கலைஞர்களை ஒரே மேடையில் உட்காரவைத்து மாறிமாறிப் பாடச் செய்வார்கள். ஒருவர் பாட்டுக்கு மற்றவர் கருவியை எடுப்பதும், அந்த இடத்திலேயே ஒரு புது இசை பிறப்பதும் வேறெங்கும் கிடைக்காதவை. பட்டியலில் தெரிந்த பெயரைத் தேடாமல், தெரியாத பெயர்கள் கூடியிருக்கும் நிகழ்ச்சியாகப் பார்த்து நாளுக்கு இரண்டு கேளுங்கள். எல்லாவற்றையும் கேட்க ஓடினால் எதுவும் காதில் தங்காது.

ஞாயிறு இரவு கலைஞர்கள் எல்லோரும் மேடையேறி ரசிகர்களோடு சேர்ந்து பாடி முடிப்பது நெடுநாள் வழக்கம். அதற்குமுன் கூடாரத்தைப் பிரித்துவிடாதீர்கள். பாடி முடித்த கையோடு காரை எடுக்கவும் வேண்டாம்; பூங்காச் சாலைகளில் மான்கள் குறுக்கே வரும், நீங்களோ நாலைந்து நாளாகச் சரியாகத் தூங்காதவர்கள். திங்கள்கிழமை எத்தனை மணிக்குள் முகாமைக் காலி செய்ய வேண்டும் என்று கேட்டுவைத்துக்கொண்டு, காலை வெளிச்சத்தில் கிளம்புங்கள்.