மீற்றரை விடுங்கள், எண்ணிக்கையைக் கேளுங்கள்

கேள்வி: எங்கள் வீதியில் ஏற்கெனவே இரண்டு பார் இருக்கிறது. இப்போது மூன்றாவதுக்குக் கட்டட வேலை நடக்குது. பதாகை பிடித்தால் நிற்பாட்டலாமா?
- ஒரு வாசகி, கல்லடி

பதில்: பெயர்ப்பலகை ஏறின பிறகு பிடிக்கிற பதாகைக்குப் பலம் குறைவு. இப்போதே எழுதிக் கொடுங்கள்.

அனுமதிப்பத்திரம் கொடுப்பது மாநகர சபை இல்லை, மதுவரித் திணைக்களம். நாமோ பாடசாலையில் இருந்து எத்தனை மீற்றர், கோயிலில் இருந்து எத்தனை மீற்றர் என்று மட்டும்தான் சண்டை பிடிக்கிறோம். இந்தச் சின்னத் துண்டு வீதிக்கு மொத்தம் எத்தனை பார் தாங்கும் என்று யாரும் கேட்பதில்லை, எனக்கு இருக்கிற பெரிய கவலையே அதுதான்.

இங்கிலாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி உள்ளூர்ச் சபையின் கையில். நகர மையத்தில் மதுக்கடைகள் நெருங்கி, இரவில் சண்டையும் சத்தமும் கூடினால், சபை ஆதாரங்களைத் திரட்டி 'இந்தப் பகுதிக்கு இருப்பதே கூட' என்று அறிக்கை வெளியிடலாம். 2017இல் வந்த இன்னொரு சட்டம் அதற்குச் சட்ட வலுவும் கொடுத்தது. அப்புறம் புதிதாகக் கடை கேட்பவர்தான் தன்னால் நிலைமை இன்னும் கெடாது என்று காட்ட வேண்டும். ஆனால் அங்கேயும், ஒருவரும் எதிர்ப்பு எழுதிக் கொடுக்காவிட்டால் அனுமதி கொடுத்தே ஆக வேண்டும்!

நமக்கும் இது புதிதில்லை. பிரித்தானியர் காலத்தில் ஊரவர் வாக்குப் போட்டுத் தவறணையை மூடும் முறை இருந்தது, 1920களில் யாழ்ப்பாணப் பக்கம் பல தவறணைகள் அப்படித்தான் மூடப்பட்டன.

'பார் இல்லாவிட்டால் கசிப்பு வரும்' என்பார்கள். கசிப்பைப் பிடிப்பது வேறு வேலை, அதையும் செய்யத்தான் வேண்டும். ஆனால் இரண்டு பார் திறந்திருக்கிற வீதிக்கு அந்தக் கதை எப்படிப் பொருந்தும்?

ஆகவே 'கலாசாரம் கெடுகிறது' என்று மட்டும் எழுதாதீர்கள். எத்தனை நிமிட நடைக்குள் எத்தனை கடை, ரியூசன் முடிந்து பிள்ளைகள் எத்தனை மணிக்கு அந்த வழியால் வருகிறார்கள், பொலிஸில் யார் எந்தத் திகதியில் முறைப்பாடு போட்டார்கள், எல்லாம் திகதியோடு இருக்கட்டும். வீதியில் உள்ள பெண்களிடம் கையெழுத்து வாங்கி, பிரதேச செயலாளருக்கும் மதுவரி அத்தியட்சகருக்கும் கொடுத்து, கிடைத்ததற்கு ஒப்பம் வாங்குங்கள்.

சரி, அதையும் மீறித் திறந்துவிட்டால்? அனுமதிப்பத்திரம் ஒரு வருடத்துக்குத்தான், பிறகு புதுப்பிக்க வேண்டும். வருடம் முடிய முன்னம் இரண்டாவது கடிதம் போகட்டும். நகல் ஒன்றை எங்களுக்கும் அனுப்புங்கள், இதழில் போடுகிறோம்.