எரியாத புத்தகம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஹிட்லர் கால ஜெர்மனியில் நடக்கிற, மார்கஸ் ஸூசாக்கின் 'தி புக் தீஃப்' நாவலை இரண்டே இரவில் படித்து முடித்தேன். கடைசிப் பக்கங்களில் அழுதுவிட்டேன். எழுத்து வாசனை இல்லாத மூடர்கள் கையில் ஒரு நாடு சிக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஒரே ஒரு நெருடல். நாஜிகள் கொளுத்திய புத்தகக் குவியலிலிருந்து சிறுமி லீசல் ஒரு புத்தகத்தை முழுசாக எடுத்துவிடுகிறாள். கொஞ்சம் சினிமாத்தனமாக இல்லையா? சாவே கதை சொல்வதும் வெறும் உத்தியாகத்தான் பட்டது. 12 வயது மகளுக்கு இதைக் கொடுக்கலாமா?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

அழுததற்கு வெட்கப்பட வேண்டாம். தம்பியை ரயிலில் பறிகொடுத்து, அவனைப் புதைத்த இடத்தில் பனியில் கிடந்த குழிவெட்டுபவரின் கையேட்டை, வாசிக்கக்கூடத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போகிற பிள்ளை அந்த லீசல். அழாமல் படித்திருந்தால்தான் கவலைப்பட்டிருப்பேன். சாவு கதை சொல்வது பிடிக்கவில்லையென்றால் விடுங்கள். விளக்கிப் பிடிக்கவைக்கிற விஷயமில்லை அது.

ஆனால் சினிமாத்தனம் என்கிறீர்களே, அதை விட முடியாது. புத்தகம் லேசில் எரியாது. ஒற்றைத் தாள் குப்பென்று பிடிக்கும். முந்நூறு தாளைச் சேர்த்துத் தைத்து அட்டைக்குள் அழுத்தி மூடினால், அது கிட்டத்தட்ட ஒரு மரக்கட்டை. தாள்களுக்கு நடுவே காற்றுப் புக வழியில்லை. முதலில் ஓரம் கருகும். கருகிய ஓரமே உள்தாள்களுக்குக் கவசமாகிவிடும். மேலே விழுகிற சாம்பல் மிச்சக் காற்றையும் அடைத்துவிடும். ஈரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம்: தண்ணீர் ஆவியாகித் தீரும்வரை சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், தாள் பற்றிக்கொள்ளவோ அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். குவியலின் அடியில் தரையை ஒட்டிக் கிடப்பவை தப்புவது இதனால்தான். ஒழுங்காக எரிப்பதென்றால் அட்டையைப் பிய்த்து, முதுகை உடைத்து, தாள் தாளாகப் பிரித்துப் போட்டு, கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். கோஷம் போடுகிற கூட்டத்துக்கு அவ்வளவு பொறுமை ஏது? அள்ளி வீசிவிட்டுப் போய்விடும்.

1933 மே 10 இரவு, நாஜிகள் புத்தகங்களை எரித்த பெர்லின் ஓபர்ன்பிளாட்ஸ் சதுக்கத்தில் மழை கொட்டியது. நெருப்பு பிடிக்கவில்லை. கடைசியில் தீயணைப்புக்காரர்களே பெட்ரோல் ஊற்றிப் பற்றவைத்தார்கள். இதை நாவலில் எழுதியிருந்தால் அதையும் நம்பியிருக்க மாட்டீர்கள். 20,000-க்கும் மேற்பட்ட புத்தகங்கள். லீசல் திருடுவது 1940 ஏப்ரல் 20, ஹிட்லரின் பிறந்தநாளில், கற்பனை ஊர் ஒன்றில். இருந்தாலும் ஸூசாக்குக்கு நெருப்பைத் தெரிந்திருக்கிறது. அவள் எடுப்பது குவியலில் எரியாமல் மிஞ்சிக் கிடந்ததை. அதுவும் முழுசாக அணையவில்லை, சட்டைக்குள் ஒளித்தது நெஞ்சைச் சுடுகிறது, கழுத்துப் பக்கம் புகை கிளம்புகிறது. மூடிய புத்தகம் அப்படித்தான், சுவாலை விடாமல் உள்ளேயே கனன்றுகொண்டிருக்கும்.

அடுத்தது, "எழுத்து வாசனை இல்லாத மூடர்கள்". இதைப் படித்தபோது உண்மையிலேயே கோபம் வந்தது. அந்த இரவை ஏற்பாடு செய்தது ஜெர்மன் மாணவர் சங்கம். தீயில் வீசியவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். மேடையேறிப் பேசிய ஹிட்லரின் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் இலக்கியத்தில் ஆய்வு செய்து ஹைடல்பர்கில் டாக்டர் பட்டம் வாங்கியவர். எந்தெந்தப் புத்தகம் போக வேண்டும் என்று பட்டியல் போட்டவர் வொல்ஃப்காங் ஹெர்மான் என்கிற நூலகர். நூலகர்! அந்தப் பட்டியலில் எழுத்தாளர் எரிஷ் கெஸ்ட்னர் பெயருக்கு நேரே என்ன இருக்கிறது தெரியுமா? எல்லாப் புத்தகங்களும், 'எமில்' நீங்கலாக. எமில் சிறுவர் கதை. இது ஆகும், அது ஆகாது என்று இத்தனை நுணுக்கமாக விலக்கு எழுத, கெஸ்ட்னரை அறிந்தவனால்தான் முடியும். அந்தக் கெஸ்ட்னர் அன்று கூட்டத்தோடு கூட்டமாக நின்று தன் புத்தகங்கள் தீயில் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புத்தகப் பிரியர்கள் எல்லாம் நல்லவர்கள் என்று இந்த நாவல் எங்கேயும் சொல்லவில்லை. நீங்களாகச் சேர்த்துக்கொண்டது. அதில் முக்கியமாகப் புழங்குகிற புத்தகங்களில் ஒன்று ஹிட்லர் எழுதிய 'மைன் காம்ஃப்'. லீசலின் வீட்டில் ஒளிந்துகொள்ளும் யூத இளைஞன் மாக்ஸ் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் ரயிலில் தப்பி வருகிறான். பிறகு தாள் தாளாக வெட்டி, லீசலின் வளர்ப்புத் தந்தையான பெயிண்டர் ஹான்ஸின் வெள்ளைப் பெயிண்டைப் பூசி, காயவைத்து, லீசலுக்கு 13 பக்கத்தில் படக்கதை போடுகிறான். அந்தப் பக்கங்களைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். வெள்ளைக்கு அடியில் பழைய அச்சு மங்கலாகத் தெரியும். பூசி மறைத்தும் அது முழுசாகப் போகவில்லை.

மகளா? தாராளமாகக் கொடுங்கள். லீசலின் நண்பன் ரூடி சாகப்போவதைப் பாதியிலேயே சொல்லிவிடுவார்கள். கோபித்துக்கொண்டு வந்து நிற்பாள், சமாதானம் செய்யாதீர்கள். ஆரம்பத்தில் கதை முன்னும் பின்னும் தாவும். ஹான்ஸ் உப்புத்தாளின் பின்பக்கத்தில் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற இடம் வரைக்கும் கூடவே உட்கார்ந்து வாசியுங்கள். அதற்கப்புறம் அவளே உங்களை எழுப்பி அனுப்பிவிடுவாள்.