நிறுத்துறேன்னு சொல்லி யாரும் நிறுத்த மாட்டாங்க

கடிதம்:

அண்ணே, வணக்கம். தேவகோட்டை பக்கத்துலேர்ந்து எழுதுறேன். எங்க ஊரு டீக்கடைல யாரைக் கேட்டாலும் இலவசத்த எல்லாம் நிறுத்துனாத்தான் நாடு உருப்படும்ங்குறாங்க. ஆனா எந்தக் கட்சியும் நிறுத்துறேன்னு சொல்லி ஓட்டுக் கேக்க மாட்டேங்குது, போட்டி போட்டு ஏத்தித்தான் விடுறாங்க. ஜனங்க பேச்சு ஒரு பக்கம், கட்சிங்க போக்கு ஒரு பக்கமா இருக்கே, ஏன்ணே? இன்னொண்ணு, எங்க சின்னம்மாவுக்கு வந்துக்கிட்டிருந்த முதியோர் பென்ஷன் திடீர்னு நின்னுருச்சு. யாரைப் பாக்கணும்?

பதில்:

தம்பி, சின்னம்மா விஷயந்தான் அவசரம், அதை மொதல்ல சொல்லிடுறேன். தாலுகா ஆபீஸ்ல சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்குன்னே தனி தாசில்தார் இருப்பாரு. ஆதார், பேங்க் பாஸ்புக், பழைய உத்தரவு நகல் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு ஆளோட போங்க, மனுவக் குடுத்துட்டு ரசீது வாங்காம வராதீங்க. பாதிப் பேருக்கு ஆதார் பேங்க்கோட சேராததுதான் வில்லங்கம், மீதிப் பேருக்கு விசாரிக்க வந்தப்ப ஆள் வீட்டுல இல்லன்னு எழுதிட்டுப் போயிருப்பாங்க.

இப்ப டீக்கடைக்கு வருவோம். நம்ம ஊருலயும் ஒருத்தர் இருக்காரு, ரேஷன் அரிசி வாங்குறவன் எல்லாம் சோம்பேறின்னு தினம் பிரசங்கம் பண்ணுவாரு. உங்க தோட்டத்து மோட்டாருக்கு கரண்டு பில்லு எவ்வளவுண்ணேன்னு கேட்டேன், "அது விவசாயிக்கு உரிமைய்யா"ன்னுட்டு டம்ளர வச்சுட்டுக் கெளம்பிட்டாரு. ஜனங்க நெனப்பு இம்புட்டுத்தான், நிறுத்தணும்னு சொல்றவங்க மனசுல நிக்கிறது எப்பவும் அடுத்த வீட்டுக்காரன்தான், இது கட்சிக்காரங்களுக்கு நம்மளவிட நல்லாத் தெரியும்.

தெரியாம ஒரு தடவ நேராவே வெட்டிப் பாத்தாங்க, உங்களுக்கு அப்ப சின்ன வயசா இருந்திருக்கும். 2001-ல வந்த ஜெயலலிதா ஆட்சி, கஜானா காலின்னு சொல்லி பஸ் கட்டணத்த ஏத்துச்சு, 2003-ல விவசாயிக்கு இலவசக் கரண்ட எடுத்துச்சு, மாசம் 5000 ரூவாய்க்கு மேல வருமானம்னா ரேஷன் கார்டுல எச் முத்திரை, அந்த கார்டுக்குப் பொருள் கிடையாது. அரசு ஊழியருங்க சலுகை பறிபோகுதுன்னு ஸ்ட்ரைக் பண்ணப்ப லட்சத்துக்கும் மேல ஆளுங்கள டிஸ்மிஸ் பண்ணாங்க, அதுக்கு அன்னிக்கு டீக்கடைல கைதட்டுனவங்களும் உண்டு, நானே பாத்திருக்கேன். 2004 நாடாளுமன்றத் தேர்தல்ல என்னாச்சு? நம்ம சிவகங்கை உட்பட 39 தொகுதியும் திமுக கூட்டணிக்குப் போயிருச்சு. ரிசல்ட் வந்த அதே மே மாசத்துல எச் கார்டு ரத்து, இலவசக் கரண்டு திரும்ப வந்துச்சு. கைதட்டுனவங்க கார்டுலயும் எச் விழுந்திருந்துச்சோ என்னமோ.

லண்டன்காரன் மட்டும் என்ன வேற மாதிரியா? 2024-ல பிரிட்டன்ல ஆட்சிக்கு வந்த லேபர் கட்சி அரசாங்கம், வயசானவங்களுக்கு குளிர்காலத்துல குடுக்குற 200, 300 பவுண்டு ஹீட்டிங் காசை சுமார் ஒரு கோடிப் பேருக்கு நிறுத்துச்சு, அடுத்த மே மாச உள்ளாட்சித் தேர்தல்ல நல்லா வாங்கிக் கட்டிக்கிச்சு, ஜூன்லயே வருஷ வருமானம் 35,000 பவுண்டுக்குள்ள இருக்குறவங்களுக்கு எல்லாம் திரும்பக் குடுக்குறோம்னு அறிவிச்சுட்டாங்க.

அதனால இப்பல்லாம் யாரும் நேரா கை வைக்கிறதில்ல தம்பி. மேடைல ஏத்துவாங்க, ஃபாரத்துல குறைப்பாங்க. 2021 தேர்தல்ல திமுக குடும்பத் தலைவிக்கு மாசம் 1000-ன்னுச்சு, உடனே அதிமுக 1500-ன்னுச்சு. 2023 செப்டம்பர்ல திட்டம் வந்தப்ப கூடவே நிபந்தனையும் வந்துச்சு, குடும்ப வருமானம் வருஷத்துக்கு ரெண்டரை லட்சத்துக்குள்ள, நஞ்சை 5 ஏக்கருக்குள்ள, கரண்டு வருஷத்துக்கு 3600 யூனிட்டுக்குள்ள. மனு போட்டது 1 கோடியே 63 லட்சம் பேரு, மொதல்ல கெடச்சது 1 கோடியே 6 லட்சம் பேருக்கு. வசதியானவங்களுக்கு எதுக்குன்னு கேட்டா ஞாயந்தான், வரம்பு வைக்கிறதே தப்புன்னு நான் சொல்லல. ஆனா அந்த வரம்பு நம்ம செட்டிநாட்டு வீட்டுக்குள்ள நுழைஞ்சா என்ன ஆகுதுன்னு பாருங்க. கானாடுகாத்தான் பக்கம் எனக்குத் தெரிஞ்ச ஆச்சி ஒருத்தங்க, முகப்பு, வளவுங்குற நடு முற்றம், ரெண்டாங்கட்டுன்னு தெருவுக்குத் தெரு நீளுற வீடு, அத்தனையும் பங்காளிங்க சொத்து, ஆச்சிக்கு பாத்தியதை ஒரு உள் அறையும் அடுப்படியில ஒரு மூலையும். மீட்டர் ஒண்ணே ஒண்ணு, அது அவங்க வீட்டுக்காரர் பேர்ல. முன்னோருக்குப் படைப்பு, அறுபதுக்குச் சாந்திக் கல்யாணம்னு வெளியூருலேர்ந்து எல்லாப் பங்காளிக் குடும்பமும் வந்து எறங்கி ராத்திரி பகலா ஏசியப் போட்டுட்டுப் போயிருவாங்க, யூனிட்டு ஆச்சி கணக்குல ஏறிடும். மனு தள்ளுபடின்னு போன்ல மெசேஜ் வந்துச்சு. தெருவுல என்ன பேசுனாங்க தெரியுமா, "இம்புட்டுப் பெரிய வீட்டுல உக்காந்துக்கிட்டு ஆயிரம் ரூவாய்க்கு அலையுது பாரு"ன்னாங்க. எச் கார்டுக்கு ஊரே திரண்டுச்சு, ஆச்சிக்காக எவன் ஓட்ட மாத்திப் போடப் போறான்?

இதவிட சுளுவான வழி ஒண்ணு இருக்கு, தொகையத் தொடாம அப்படியே விட்டுடுறது. தமிழ்நாட்டுல முதியோர் பென்ஷன் 2011-ல 1000 ஆச்சு, அப்புறம் 2023-லதான் 1200. நடுவுல அரிசி, பருப்பு, மருந்து மாத்திரை எல்லாம் எங்க போச்சுன்னு உங்க சின்னம்மாவக் கேட்டாத் தெரியும். டெல்லி இன்னும் மோசம். 2007-ல இந்திரா காந்தி பேர்ல பென்ஷன் திட்டம் வந்தப்ப மத்திய அரசு பங்கு மாசம் 200 ரூவா, 80 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு இன்னிக்கும் அதே 200-தான். காங்கிரஸ் இருந்துச்சு, பாஜக வந்துச்சு, ஒரு பைசா வெட்டல, ஏத்தவும் இல்ல. நம்ம பக்கத்துக்கு ஓட்டுக் கேட்டு வந்த எவரும் இந்த 200-ஐப் பத்தி வாயத் தொறந்து நான் கேட்டதில்ல, உங்க ஊருக்கு வந்து யாராச்சும் பேசியிருந்தா எழுதுங்க.