மூன்றரை வயதுப் பிள்ளைக்கு இந்தக் கார்ட்டூன் சரிதானா?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமம். நானும் மாமியாரும் பீடி சுற்றுகிறோம். வேலை நடக்கவேண்டுமே என்று மூன்றரை வயது மகனை டிவி முன்னால் உட்கார வைக்கிறோம். “சின்னப்பிள்ளைச் சேனல்தானே” என்கிறார்கள் மாமியார். அணைத்தால் கையில் கிடைத்ததை எறிகிறான். அந்தத் தொடர் அவனுக்கு ஏற்றதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: அணைத்ததும் அடம்பிடிப்பது அந்த வயதில் எல்லாப் பிள்ளைக்கும் உள்ளதுதான். அதற்காக மட்டும் தொடரைக் குறை சொல்லமாட்டேன். ஒரு நாள் பீடி சுற்றும் சுளகை (முறத்தை) இறக்கி வைத்துவிட்டுப் பத்து நிமிடம் அவன் அருகில் உட்காருங்கள். திரையை மட்டுமல்லாமல் அவன் முகத்தையும் பாருங்கள்.

காட்சி எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று மனத்துக்குள் எண்ணுங்கள். 2011-இல் அமெரிக்காவில் நான்கு வயதுக் குழந்தைகள் 60 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சுமார் 11 நொடிக்கு ஒரு முறை காட்சி மாறும் கார்ட்டூனை ஒன்பது நிமிடம் பார்த்த பிள்ளைகள், கவனமும் பொறுமையும் வேண்டிய சோதனைகளில் உடனடியாகப் பின்தங்கினார்கள். நிதானமான தொடரைப் பார்த்தவர்களுக்கும் படம் வரைந்தவர்களுக்கும் அப்படி ஆகவில்லை. அதே ஆய்வாளர் பிறகு செய்த சோதனைகளில், வேகத்தைவிட உலகத்தில் நடக்கவே முடியாத காட்சிகள்தான் பிள்ளையின் மூளையைக் களைக்கச் செய்கின்றன என்று தெரிந்தது. ஆகவே எண்ணிக்கையோடு நின்றுவிடாதீர்கள். முடிந்ததும், “பூனை ஏன் ஓடியது?” என்று கேளுங்கள். தன் சொல்லில் நாலு வார்த்தை சொன்னால் கதை அவனுக்குள் போயிருக்கிறது. “டமார், டுமீல்” மட்டும்தான் வருகிறது என்றால் அவனுக்குக் கிடைத்தது வெறும் சத்தம்.

எனக்கு அதிகம் கவலை தருவது வேறு. மச்சிலிருந்து விழுந்தவன் மறுநொடியே எழுந்து ஓடுகிறானா? வெள்ளத்தில் குதித்தவன் சிரித்துக்கொண்டே மேலே வருகிறானா? மூன்று வயதில் பொம்மைக்கு நடப்பது வேறு, தனக்கு நடப்பது வேறு என்ற பிரிவு உறுதியாக இருக்காது. தாமிரபரணிப் படித்துறை கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊரில் இதை லேசாக விடக்கூடாது. அப்படிக் காட்சி வந்தால் அங்கேயே, “நிஜத்தில் விழுந்தால் வலிக்கும், தண்ணீர் இழுத்துக்கொண்டு போகும்” என்று சொல்லுங்கள். எல்லாக் கதையிலும் வந்தால் அந்தத் தொடர் வேண்டாம்.

குண்டாக இருப்பவனையும் கறுப்பாக இருப்பவனையும் கேலி செய்து சிரிக்க வைக்கும் தமிழ் டப்பிங்கும் வேண்டாம்.

சேனலின் பெயரை நம்பாதீர்கள். பத்து வயதுப் பையனுக்கு எடுத்ததும் அதே சேனலில்தான் வருகிறது. மொபைல் செயலிகளில் ‘யு/ஏ 7+’ என்று போட்டிருந்தால் அது ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு, அதற்குக் கீழே என்றால் பெற்றோர் துணை வேண்டும் என்று பொருள்; உங்கள் மகனைத் தனியாகப் பார்க்க விடாதீர்கள்.

நல்ல தொடராகவே இருந்தாலும், இரண்டிலிருந்து ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பதே இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அறிவுரை. மீதி நேரத்துக்கு அவனைச் சுளகின் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள், புகையிலைத் தூள் அவனுக்கு ஆகாது. நீங்களும் ஆச்சியும் முறை வைத்து ஒருவர் முற்றத்தில் அவனோடு இருங்கள். டிவியைக் கதை நடுவில் அணைக்காமல், ஒரு கதை முடியும் இடத்தில் ரிமோட்டை அவன் கையிலேயே கொடுத்து அணைக்கச் சொல்லுங்கள்.