அமெரிக்க நீர்மூழ்கிகளின் மார்க் 14 டார்பிடோ ஏன் வெடிக்கவில்லை?

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியக் கப்பல்கள் மீது அமெரிக்க நீர்மூழ்கிகள் ஏவிய டார்பிடோக்கள் ஏறத்தாழ இரண்டு வருடம் சரியாக வேலை செய்யவில்லையாமே, உண்மையா? கோளாறைக் கண்டுபிடிக்க ஏன் அவ்வளவு நாள்?

உண்மைதான். மார்க் 14-இல் இருந்தது ஒரு கோளாறு இல்லை, மூன்று. ஒன்று இன்னொன்றை மறைத்ததால்தான் இழுத்துக்கொண்டே போனது. போருக்கு முன் சிக்கனம் பார்த்து, நிஜ வெடிமருந்து வைத்து முறையாகச் சோதிக்காததும் ஒரு காரணம்.

முதலாவது ஆழம். 1942 ஜூனில் ரியர் அட்மிரல் லாக்வுட் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆல்பனி பக்கம் கடலில் மீன்வலையைக் கட்டித் தொங்கவிட்டு டார்பிடோக்களை ஏவச் சொன்னார். வலையில் விழுந்த ஓட்டைகளை அளந்தால், வைத்த ஆழத்தைவிடச் சராசரியாக 11 அடி கீழே ஓடியிருந்தன. காரணம், போருக்கு முன் சோதனைக்குப் பயன்படுத்திய தலைப்பகுதி நிஜ வெடிமருந்துத் தலையைவிட எடை குறைவு. போதாததற்கு, ஆழம் அறியும் கருவி நீரழுத்தத்தை வாங்கும் துளை வால்பக்கக் கூம்பில் இருந்தது. வேகமாக ஓடும்போது அங்கே அழுத்தம் குறையும். மேலே இருக்கிறோம் என்று நினைத்து டார்பிடோ இன்னும் கீழே இறங்கும்.

ஆழத்தைச் சரிசெய்ததும் இரண்டாவது வெளியே வந்தது. கப்பலின் அடியில் போகும்போது காந்தப்புல மாற்றத்தை உணர்ந்து வெடிக்க வேண்டிய தூண்டி, பாதி வழியிலேயே வெடிக்க ஆரம்பித்தது. பூமியின் காந்தப்புலம் இடத்துக்கு இடம் மாறும் என்பது இதில் பெரிய சிக்கல். 1943 ஜூனில் பசிபிக் கடற்படைத் தளபதி நிமிட்ஸ் அதைத் துண்டிக்க உத்தரவிட்டார். ஆஸ்திரேலியாவில் இருந்த நீர்மூழ்கிப் படைத் தளபதி கிறிஸ்டி மட்டும் மேலும் சில மாதம் விடவில்லை. அந்தத் தூண்டியின் உருவாக்கத்தில் அவருக்கும் பங்கு உண்டு, அதுதான் விஷயம்!

இனி மோதி வெடிக்கும் அமைப்பை மட்டுமே நம்ப வேண்டும். அதுவும் காலை வாரியது. 1943 ஜூலை 24 அன்று டினோசா என்ற அமெரிக்க நீர்மூழ்கி, 19,000 டன்னுக்கு மேற்பட்ட டோனன் மாரு 3 என்ற ஜப்பானியக் கப்பல் மீது 15 டார்பிடோக்களை ஏவியது. சாய்கோணத்தில் பட்ட இரண்டு வெடித்துக் கப்பல் நின்றுவிட்டது. பிறகு 875 கஜத்தில், செங்குத்துக் கோணத்தில், ஆற அமர ஏவிய ஒன்பதும் வெடிக்கவில்லை. கடைசி ஒன்றைச் செலவழிக்காமல் கேப்டன் டாஸ்பிட் ஹவாயின் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பருக்கே கொண்டுவந்தார்.

அங்கே, வெடிமருந்து இல்லாத தலைகளில் தூண்டியைப் பொருத்தி 90 அடி உயரத்திலிருந்து இரும்புத் தகட்டின் மீது போட்டார்கள். நேராக விழுந்த பத்தில் ஏழு வேலை செய்யவில்லை. 45 டிகிரி சாய்த்துப் போட்டால் தோல்வி பாதியாகக் குறைந்தது. காரணம் ஃபயரிங் பின் எனும் தட்டும் ஊசி. அது டார்பிடோ போகும் திசைக்குக் குறுக்காக நகர்ந்து, வெடிப்பைத் தொடங்கும் டெட்டனேட்டரைத் தட்ட வேண்டும். 46 நாட் (மணிக்குச் சுமார் 85 கி.மீ.) வேகத்தில் நேரே மோதினால் சுமார் 500 ஜி, அதாவது புவியீர்ப்பைப்போல் 500 மடங்கு விசை பின்னை அதன் வழிகாட்டிகள் மீது அழுத்தும். உராய்வில் வேகம் குறைந்து அடி பலமாக விழாது. பழைய, மெதுவான டார்பிடோக்களில் இந்த அழுத்தம் அவ்வளவு இல்லாததால் யாரும் கவனிக்கவில்லை. சாமர்த்தியமாகக் குறிபார்த்து நேர்க்கோணத்தில் அடித்தவனுக்குத்தான் அதிகத் தோல்வி என்பது எவ்வளவு அநியாயம் பாருங்கள்.

புதிய பின்னை எடை குறைந்த உலோகத்தில் கடைந்தார்கள். பேர்ல் ஹார்பரில் விழுந்த ஜப்பானிய விமானங்களின் புரொப்பல்லர் உலோகம்கூட இதற்குப் பயன்பட்டது. அது வரும்வரை சாய்கோணத்திலேயே அடிக்கச் சொல்லி உத்தரவு. 1943 செப்டம்பர் கடைசியில் திருத்திய டார்பிடோக்கள் கடலுக்குப் போயின. அதே மார்க் 14 போர் முடிந்த பிறகும் பல பத்தாண்டுகள் சேவையில் இருந்தது.